குழந்தைக்கு விலக்கிய உணவும் அதன் தவணையும்

“முட்டை ஒத்துக்கொள்ளாது”, “பால் ஒத்துக்கொள்ளாது” என்னும் சொற்கள் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. கைக்குழந்தைக்கு ஏதோ ஓர் உணவைக் கொடுத்த சிறிது நேரத்தில் உடம்பெங்கும் தடிப்பு எழுந்தால், அன்றோடு அவ்வுணவை விலக்கிவிடுகிறோம். அது முறையே. ஆனால், இந்த விலக்கு எத்தனை காலத்துக்கு என்று கேட்பார் அரியர். குழந்தை வளர்ந்து பள்ளிக்குச் செல்கிறது; விலக்கும் அதனுடன் கூடவே செல்கிறது. உண்மையிலோ, குழந்தைப் பருவத்து உணவு ஒவ்வாமையில் பெரும்பகுதி வயது ஏற ஏறத் தானே நீங்கும் இயல்புடையது. அது எவ்வாறு நீங்குகிறது, நீங்கியதை எவ்வாறு அறிவது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது முதல், வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றன. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், பெற்றோர் பலர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். பகலில் குழந்தைக்குச் சோறூட்டுபவர் பாட்டியாரே. டாக்டர் சொன்னதைக் கேட்பவர் ஒருவர். உணவு கொடுப்பவர் மற்றொருவர். “இப்போது முட்டை வேண்டாம், ஒரு வருஷம் கழித்து அழைத்து வாருங்கள்” என்று டாக்டர் கூறினால், “முட்டை வேண்டாம்” என்பது மட்டும் அடுக்களையை வந்து சேர்கிறது, தவணை வழியிலேயே தங்கிவிடுகிறது. மும்பையிலும் தில்லியிலும் உள்ள நம்மவர் இல்லங்களிலும் இவ்வாறு நேர்வது உண்டு.

முதற்கண் “ஒத்துக்கொள்ளாது” என்ற சொல்லையே சற்று ஆராய வேண்டும். தமிழில் இந்த ஒரு சொல் பல வேறு நிலைகளைச் சுட்டுகிறது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்தவருக்கு வயிறு உப்பிப் பேதியாகும். அது தொல்லையே தவிர ஒவ்வாமை அன்று. கெட்டுப்போன பண்டத்தால் வாந்தி வருவது இன்னொன்று. கத்தரிக்காயையும் கருவாட்டையும் கரப்பான் பண்டம் என்று பெரியோர் ஒதுக்குவது வேறொரு வழக்கு. இவற்றினின்றும் வேறுபட்டது உண்மையான ஒவ்வாமை. அங்கே தவறு செய்வது வயிறன்று. நோயினின்று நம்மைக் காக்கும் உடலின் தற்காப்புச் சக்தியே தீங்கற்ற உணவுப் புரதத்தைப் பகையென்று எண்ணிப் போர் தொடுக்கிறது.

இந்நிலைக்கு “அலர்ஜி” என்ற பெயரை 1906இல் இட்டவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே. இதற்குக் காரணமாக இரத்தத்தில் இருக்கும் பொருள் இம்யூனோகுளோபுலின் ஈ என்பதை 1966, 1967ஆம் ஆண்டுகளில் கண்டறிந்தனர். அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் இஷிசாகாவும், சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் தனித்தனியே கண்ட முடிவு அது.

ஒவ்வாமை நீங்குமா என்பது உணவைப் பொறுத்தது. மேல்நாட்டு ஆராய்ச்சிகளின்படி, பால் ஒவ்வாமையோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஐந்தாறு வயதுக்குள் அது நீங்கிவிடுகிறது. எஞ்சியோரிலும் பலருக்குப் பதின்ம வயதில் நீங்குகிறது. நிலக்கடலை ஒவ்வாமையோ ஐந்தில் ஒருவருக்கே நீங்குகிறது. மீன், இறால், நண்டு ஆகியவற்றின் ஒவ்வாமை பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது.

நீங்குவதற்குக் காரணம் யாது? தற்காப்புச் சக்தியில் போரிடும் உயிரணுக்கள் இருப்பது போலவே, போரை அடக்கும் உயிரணுக்களும் உள்ளன. குழந்தை வளர வளர இவை வலுப்பெற்று, “இது பகையன்று, உணவு” என்று உடலைப் பழக்குகின்றன. சமையலின் பங்கும் இதில் உண்டு. முட்டைப் புரதங்களிற் சில நெடுநேரச் சூட்டில் உருமாறுகின்றன. ஆகவே, அரைவேக்காட்டு முட்டை ஒவ்வாத குழந்தைகளிற் பலர், மாவுடன் கலந்து நன்றாகச் சுட்ட கேக்கில் உள்ள முட்டையைத் தாங்குகின்றனர். அத்தகையோருக்கு ஒவ்வாமை விரைவில் நீங்கும் வாய்ப்பும் மிகுதி. ஆயினும் யார் அத்தகையோர் என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டரே.

நீங்கியதை எவ்வாறு அறிவது? தோலில் சிறு துளி இட்டுக் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தச் சோதனையும் உண்டு. ஆனால், இவை மட்டும் தீர்ப்பாகா. கர்நாடகத்தில் வயதுவந்தோரிடையே நடத்தி 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான இம்யூனோகுளோபுலின் ஈ 26.5 சதவிகிதத்தினரின் இரத்தத்தில் காணப்பட்டது. உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்களோ 1.2 சதவிகிதத்தினரே. சோதனைத் தாளில் காணும் குறியை மட்டும் நம்பிப் பத்துப் பண்டங்களை ஒதுக்கினால், குழந்தையின் சத்துணவுதான் பறிபோகும்.

உறுதியான வழி, உண்ணச் செய்து பார்ப்பதே. அதை ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். முதலில் மிகச் சிறிய அளவு கொடுத்து, குறித்த இடைவெளி விட்டுப் படிப்படியாக அளவைக் கூட்டி, முடிந்த பின்னும் சில மணி நேரம் குழந்தையைக் கவனித்து வருவர். “வயதாகிவிட்டதே, ஒரு வாய் கொடுத்துப் பார்ப்போம்” என்று வீட்டில் துணிவது ஆபத்து. உதடு வீங்குதல், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால் கணமும் தாமதிக்கலாகாது. 108க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே அப்போது உயிர் காப்பது. தேர்வில் குழந்தை தேறிவிட்டால், அவ்வுணவை டாக்டர் கூறும் அளவில் தொடர்ந்து கொடுத்து வருவதும் அவசியம்.

விலக்கு நீடிக்கும் காலத்தில் ஈடு செய்ய வேண்டும். பசுவின் பால் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்றாகா. அவற்றின் புரதங்கள் பெரிதும் ஒத்தவை. கோலார்ச் சீமையில் விளையும் கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. வளர்ந்த பிள்ளைக்கு அது நல்ல துணை. ஒரு வயது நிரம்பாத சிசுவுக்கோ தாய்ப்பாலும் டாக்டர் குறிப்பிடும் பாலுமே தகும்.

ஒவ்வாமை வருமுன் காக்கவும் ஒரு வழி தெரிந்திருக்கிறது. லண்டனில் 640 சிசுக்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2015இல் வெளிவந்தது. நிலக்கடலை ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த சிசுக்களுக்கு முதல் வயதிலேயே அதைத் தக்க உருவில் கொடுத்துவந்ததால், அந்த ஒவ்வாமை 80 சதவிகித அளவுக்குக் குறைந்தது. அஞ்சித் தள்ளிப்போடுவதே காப்பு என்ற பழைய எண்ணத்தை இது மாற்றிற்று. எனினும், கடுமையான தோல் கரப்பான் உள்ள சிசுவுக்கு டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அரைத்துக் குழைத்ததே சிசுவுக்கு ஏற்றது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு மொழியும் ஒரு காவல். பொட்டல உணவில் பால், முட்டை, நிலக்கடலை, மீன், சோயா முதலியன இருந்தால் அதைத் தனியே அறிவிக்கவேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் இந்திய விதி. அவ்வறிவிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். இந்தியில் தூத் என்பது பால், அண்டா என்பது முட்டை, மூங்பலி என்பது நிலக்கடலை. கன்னடத்தில் இவை முறையே ஹாலு, மொட்டெ, கடலேகாயி. குழந்தையை ஊட்டி வளர்ப்பவர் இச்சொற்களை அறிந்திருப்பது நன்று. கர்நாடக அரசுப் பள்ளிகளில் முட்டையும், அதை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் வழங்கப்படுகின்றன. ஆகையால் ஆசிரியருக்கும் விலக்கின் காரணத்தை எழுத்திலே தெரிவித்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. அடுக்களைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, அதில் நான்கு வரி தமிழில் எழுதி வையுங்கள்: எந்த உணவு, என்ன நேர்ந்தது, எந்தத் தேதியில், மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டிய மாதம் எது. நான்காவது வரியே இன்றியமையாதது. அந்த மாதம் வந்ததும் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வாமை நீங்கியிருந்தால், ஒரு நல்ல உணவு குழந்தைக்குத் திரும்பக் கிடைக்கும். நீங்கவில்லையெனில், அந்த வரியில் புதிய மாதத்தை எழுதிக்கொள்ளலாம்.