இதயத் துடிப்புக்கு அப்லேஷன் செய்தவருக்கு மாதங்கள் கழித்து இருமலா?

இதயம் தாறுமாறாகத் துடிக்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன்' நோய்க்குக் கத்தீட்டர் அப்லேஷன் சிகிச்சை செய்துகொண்டவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். துடிப்பு சீரானதும் ஃபைலை அலமாரியில் வைத்து மறந்துவிடுகிறோம். சில மாதங்கள் கழித்து மூச்சு வாங்குகிறது, இருமல் விடவில்லை, சளியில் இரத்தம் தெரிகிறது. உடனே நெஞ்சு டாக்டரிடம் ஓடுகிறோம். இதயத்தில் சிகிச்சை நடந்ததை அங்கே சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை. அதை முதலில் சொல்ல வேண்டும்.

நுரையீரலில் சுத்தமான இரத்தத்தை இதயத்தின் இடது மேலறைக்குக் கொண்டு வருபவை நுரையீரல் சிரைகள். பெரும்பாலானவர்களுக்கு இவை நான்கு. (சிரை என்றாலே அசுத்த இரத்தம் என்று பள்ளியில் படித்தோமே, இவை அதற்கு விதிவிலக்கு.) தாறுமாறான துடிப்பைத் தூண்டும் மின்னலைகள் பெரும்பாலும் இந்தச் சிரைகளிலிருந்துதான் கிளம்புகின்றன என்பதை பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 1998-ல் வெளியிட்டனர். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த இடத்தைச் சூடாக்கும் முறை அதன் பிறகே பரவியது.

ஆரம்பத்தில் சிரைக்கு உள்ளேயே சுட்டார்கள். சுட்ட இடம் தழும்பாகும், தழும்பு சுருங்கும், சிரையின் வாய் குறுகிவிடும். இது தெரிந்தபின், சிரைக்கு வெளியே மேலறைச் சுவரில் சுற்றிலும் சுடத் தொடங்கினார்கள். அதனால் இந்தச் சிக்கல் இப்போது அரிது. அரிது என்பதே ஒரு வகையில் ஆபத்தும்கூட. பார்க்கும் டாக்டருக்கு நினைவுக்கு வராது. நிமோனியா, ஆஸ்துமா, நம் ஊரில் காசநோய் என்றுதான் முதலில் சந்தேகம் போகும். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையால்தான் சளியில் இரத்தம் வருகிறது என்று நாமே முடிவு கட்டி, அதை நிறுத்திவிடுவதும் உண்டு. பக்கவாதத்தைத் தடுக்கத் தரப்படும் மாத்திரை அது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

சாதாரண எக்ஸ்ரேயில் குறுகிய சிரை தெரியாது. நெஞ்சுச் சளி போன்ற நிழல் மட்டும் தெரியலாம். மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம்தான் எந்தச் சிரை, எவ்வளவு குறுகியிருக்கிறது என்று காட்டும். ஒரே சிரை லேசாகக் குறுகியிருந்தால் தொந்தரவே இருக்காது; கண்காணித்தால் போதும்.

குறுகல் கடுமையாகி மூச்சுத்திணறல் இருந்தால், மீண்டும் தொடை வழியாகச் சென்று பலூனை ஊதி விரிக்கிறார்கள். விரித்தது மறுபடியும் சுருங்கும் வாய்ப்பு அதிகம்; பலூனோடு நிறுத்தினால் இன்னும் அதிகம். ஆகவே பலருக்கு உலோகச் சுருளான ஸ்டென்ட் வைக்கிறார்கள். ஸ்டென்ட் எவ்வளவு அகலமோ அந்த அளவுக்குத் திறந்தே இருக்கும் வாய்ப்பு கூடும். 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைக்க முயல்வது அதனால்தான். சிரை முழுவதும் அடைத்துப்போனால் உள்ளே கம்பி நுழையவே வழி கிடைக்காமல் போகலாம். தாமதத்தின் விலை இதுதான்.

ஸ்டென்ட் வைத்தபின்னும் சில மாத இடைவெளியில் சிடி எடுத்துப் பார்ப்பார்கள். தொந்தரவு இல்லையே என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள். மீண்டும் குறுகுவது சத்தமில்லாமலும் நடக்கும். அப்லேஷன் நடந்த தேதியுள்ள டிஸ்சார்ஜ் தாளின் நகல் ஒன்று வீட்டுப் பெரியவரின் மாத்திரைப் பெட்டியோடு இருக்கட்டும். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டிவிட்டு, "இதனால் சிரை குறுகியிருக்குமா, சிடி எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.