நியூயார்க்குக்கு எந்தப் பக்கம்?

உலக உருண்டை ஒன்றை எடுங்கள். சிங்கப்பூரில் ஒரு விரல், நியூயார்க்கில் ஒரு விரல், நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். அட! நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. வடதுருவத்தை உரசிக்கொண்டு ஏறி, மறுபக்கம் இறங்குகிறது. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர்.

2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தடத்தைத் தொடங்கியபோது, உலகிலேயே நீளமான இடைநில்லா விமானச் சேவை இதுதான். எங்கும் இறங்காமல் 18 மணி நேரத்துக்கும் மேல்!

வேடிக்கை என்னவென்றால், அந்த நூல் காட்டும் வழியில் விமானம் பெரும்பாலும் போவதே இல்லை. தரையில் உட்கார்ந்து வழி போடும் டிஸ்பேட்சர் முதலில் பார்ப்பது காற்றை. பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் பாய்கிறது. குளிர்காலத்தில் சில இடங்களில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அதில் ஏறிக்கொள்ளப் பசிபிக் பக்கமாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றினாலும் லாபமே. திரும்பும்போதும் அதே தந்திரம்: அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வரும் நாட்கள் உண்டு. ஆக, நியூயார்க் போய் வந்தவர் சத்தமில்லாமல் உலகையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார்! இதற்கு ஒரு சான்றிதழாவது கொடுக்கலாம், கொடுப்பதில்லை.

விமானமும் லேசுப்பட்டதல்ல. ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர். புதிய டேங்க் எதுவும் சேர்க்காமல், இருக்கிற டேங்குகளிலேயே எரிபொருள் அமைப்பை மாற்றி 1,65,000 லிட்டர் நிரப்புகிறார்கள். புறப்படும்போது அதிகபட்ச எடை 280 டன். டேங்க் நிரம்பியிருந்தால் அதில் ஏறக்குறைய பாதி எரிபொருள்தான். அதனால்தான் முன்பக்கச் சரக்கறைக்குப் பூட்டு. இதே நிறுவனத்தின் மற்ற நெடுந்தூர ஏ350-இல் 253 இருக்கைகள். இதிலோ 161 மட்டும். எகானமி வகுப்பே கிடையாது. நம்மைப் போன்றவர்களின் பர்ஸுக்கு அது ஒரு அடிதான்!

விமானிகள் நான்கு பேர், முறை வைத்து ஓட்டுகிறார்கள். முறை முடிந்தவர் தூங்குவது பயணிகளின் தலைக்கு மேலே, கூரைக்குள் ஒளிந்திருக்கும் படுக்கையில். அந்தக் கதவைப் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

கடிகாரம் செய்யும் கூத்து தனி. நியூயார்க் நேரம் 12 அல்லது 13 மணி பின்தங்கியது. நள்ளிரவையொட்டி சிங்கப்பூரில் கிளம்பினால், 18 மணி நேரம் பறந்த பின்னும் அங்கே காலைச் சிற்றுண்டி நேரம்தான். திரும்பி வரும்போது கணக்குத் தீர்க்கப்படும்: இரவு ஏறினால், நடுவில் ஒரு தேதியையே காணோம், இறங்குவது அதற்கும் மறுநாள் காலை.

வாய்ப்புக் கிடைத்தால் படம் பார்க்கிற திரையில் வரைபடத்தையும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். அன்றைக்கு எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பது டிக்கெட்டில் இருக்காது.