பெயர் ஒன்று, கோப்பு இரண்டு

நுழையும்முன்

ஓலைச்சுவடிகளின் காலத்தில் ஒரு நூலுக்குப் பல படிகள் இருந்தமை அந்நூலைக் காத்தது. அப்படிகள் தமக்குள் வேறுபட்டமை, அதனைப் பதிப்பிக்க முனைந்தோரைத் திகைக்க வைத்தது. சுவடி கணினிக் கோப்பாக மாறிய பின்னும் அந்தப் பயனும் அந்தத் திகைப்பும் தொடர்கின்றன. திறன்பேசி, வீட்டுக் கணினி, பள்ளிக் கணினி எனப் பல இடங்களில் நம் ஆக்கங்களை வைத்திருக்கிறோம். அவற்றை ஒத்திசைக்கும்போது எதனைக் காப்பது, எதனை நீக்குவது என்று தெளிவதற்கு இப்பாடம் துணைசெய்யும்.

ஒரு தாலாட்டின் இரு படிகள்

மாணவி ஒருத்தி தன் பாட்டி பாடிய தாலாட்டைக் கேட்டெழுதி, 'தாலாட்டு' என்னும் பெயரில் வீட்டுக் கணினியில் சேமிக்கிறாள் எனக் கொள்வோம். மறுநாள் அதனைப் பென் டிரைவில் எடுத்துச்சென்று பள்ளிக் கணினியில் இடுகிறாள். ஆசிரியர் சுட்டிய பிழைகளை அங்கேயே திருத்துகிறாள். அன்று மாலை, முன்பு மறந்துபோயிருந்த நான்கு அடிகளைப் பாட்டி நினைவுகூர்ந்து பாடுகிறார். அவற்றை வீட்டுக் கணினியிலுள்ள கோப்பில் சேர்க்கிறாள். இப்போது இரு கணினிகளிலும் ஒரே பெயரில் ஒவ்வொரு கோப்பு இருக்கிறது. பள்ளிக் கோப்பில் திருத்தம் உண்டு. நான்கு அடிகள் இல்லை. வீட்டுக் கோப்பில் நான்கு அடிகள் உண்டு, திருத்தம் இல்லை.

ஒன்றன் மீது மற்றொன்றைப் படியெடுக்க முற்படும்போது, இப்பெயரில் கோப்பு ஏற்கெனவே உள்ளது என்று கணினி அறிவிக்கிறது. அதன்மேல் எழுதலாமா என வினவுகிறது. சிந்திக்காமல் 'ஆம்' என்று சொடுக்கினால், ஆசிரியரின் திருத்தம் அல்லது பாட்டியின் நான்கு அடிகள், இரண்டில் ஒன்று அழிந்துபோகும். திருத்தத்தை மீண்டும் செய்துவிடலாம். பாட்டியின் நினைவில் அந்த அடிகள் மீண்டும் எழுமா என்பது ஐயமே.

ஒத்திசைவு என்பது யாது?

இரு கோப்புறைகளின் உள்ளடக்கத்தை ஒன்றுபோல ஆக்குவதே ஒத்திசைவு. இது ஒருவழி, இருவழி என இரு வகைப்படும்.

ஒருவழி ஒத்திசைவில் ஒரு கோப்புறை மூலமாகவும் மற்றொன்று அதனைப் பின்பற்றும் படியாகவும் அமையும். மூலத்தில் இல்லாத கோப்புகளைப் படியிலிருந்தும் நீக்கிவிடும் அமைப்பு இதில் உண்டு. எது மூலம், எது படி என்பதனை மாற்றிக் குறித்துவிட்டால், வெறுமையான கோப்புறையின் வெறுமையே மறுபுறமும் பரவிவிடும்.

இருவழி ஒத்திசைவில் இரு புறத்து மாற்றங்களும் எதிர்ப்புறம் சென்று சேரும். இங்கு ஒரு நுட்பமான வினா எழுகிறது. ஒரு கோப்பு ஒருபுறம் இருந்து மறுபுறம் இல்லையென்றால், அஃது இங்கே புதிதாக உருவானதா, அங்கே நீக்கப்பட்டதா? இப்போதைய நிலையை மட்டும் நோக்கினால் விடை கிடைக்காது. எனவே, யூனிசன் போன்ற மென்பொருள்கள் சென்றமுறை ஒத்திசைத்தபோது இருந்த நிலையைப் பதிவுசெய்து வைத்து, அதனோடு இரு புறங்களையும் ஒப்பிடுகின்றன. ஒருபுறம் மட்டும் மாறியிருந்தால் அம்மாற்றம் மறுபுறம் செல்லும். இரு புறமும் மாறியிருந்தால் அது முரண் எனப்படும். தாலாட்டுக் கோப்பு இத்தகைய முரணுக்கு எடுத்துக்காட்டாகும்.

மூவகை இரட்டைகள்

இரட்டைக் கோப்புகள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை மூவகையின. பெயரும் உள்ளடக்கமும் ஒன்றாக இருப்பது முதல் வகை. இவற்றை மீண்டும் படியெடுக்கத் தேவையில்லை. பெயர் வேறாகவும் உள்ளடக்கம் ஒன்றாகவும் இருப்பது இரண்டாம் வகை. ஒரே கோப்பை இருமுறை பதிவிறக்கினால் உலாவி இரண்டாவதன் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்ப்பது இதற்குச் சான்று. இவை இடத்தை வீணாக்கும். பின்னர் ஒன்றனை மட்டும் திருத்தினால் குழப்பத்தையும் விளைவிக்கும். பெயர் ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் இருப்பது மூன்றாம் வகை. இவற்றை இரட்டை என்பதே பொருந்தாது. ஒரு பெயரைத் தாங்கிய இரு வேறு கோப்புகள் இவை. இழப்பு நேர்வது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

ஒப்பிடும் முறைகள்

ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் ஆகியோர் உருவாக்கி 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் மென்பொருள் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஒரே பெயருடைய இரு கோப்புகளின் அளவும், இறுதியாக மாற்றப்பட்ட நேரமும் ஒத்திருந்தால் அவை மாறவில்லை என்று அது இயல்பாகக் கொள்ளும். இது விரைவான முறை. எனினும் முழுமையான சான்று அன்று.

அளவு ஏமாற்றக்கூடும். யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம்பெறும். எளிய உரைக் கோப்பொன்றில் 'அவன்' என்பதனை 'அவள்' எனத் திருத்தினால் பொருள் மாறிவிடும். கோப்பின் அளவு ஒரு பைட்கூட மாறாது.

நேரமும் ஏமாற்றக்கூடும். பழைய பென் டிரைவுகளில் காணப்படும் ஃபேட் என்னும் கோப்பு முறைமை, மாற்றிய நேரத்தை 2 நொடி இடைவெளிகளில்தான் குறிக்கும். எனவே, மாறாத கோப்பும் நேரம் வேறுபட்டதாகத் தோன்றலாம். கணினியின் கடிகாரமே பிழையாக இருந்தால், பழையது புதியதாகத் தோற்றமளிக்கும்.

இவற்றினும் உறுதியானது உள்ளடக்கத்தை ஒப்பிடுவது. ஒரு கோப்பின் பைட்டுகள் அனைத்தையும் கணக்கிட்டுப் பெறப்படும் சுருக்கக் குறியை ஹாஷ் என்பர். எஸ்.எச்.ஏ-256 என்னும் முறை, கோப்பு எவ்வளவு பெரிதாயினும் பதினாறடிமான எண்முறையில் 64 இலக்கங்கள் கொண்ட குறியைத் தரும். ஓர் எழுத்து மாறினாலும் குறி முற்றிலும் மாறிவிடும். பெயரை மட்டும் மாற்றினால் குறி மாறாது. எனவே, வேறு பெயரில் ஒளிந்திருக்கும் இரட்டைகளையும் இதனால் கண்டறியலாம். ஆயினும், எல்லா ஹாஷ் முறைகளும் ஒரே வலிமை உடையன அல்ல. பழைய எஸ்.எச்.ஏ-1 முறையில் ஒரே குறியைத் தரும் இரு வேறு பி.டி.எஃப். கோப்புகளை, கூகுள் நிறுவனத்தாரும் ஆம்ஸ்டர்டாம் நகரின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தாரும் 2017ஆம் ஆண்டு உருவாக்கிக் காட்டினர்.

கணினி 'ஒன்று' எனக் கருதுவதும் நாம் 'ஒன்று' எனக் கருதுவதும் எப்போதும் பொருந்துவதில்லை. ஒரே ஒளிப்படத்தைச் செய்திச் செயலி சுருக்கி அனுப்பினால், நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கணினிக்கு அவை வேறு வேறு கோப்புகள். அவற்றுள் மூலப்படம் எது எனத் தேர்வது நம் பொறுப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

'கொடை' என்னும் சொல்லிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இது பொருந்தும். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. விண்டோஸ், லினக்ஸ் கணினிகள் தந்த வடிவிலேயே வைத்துக்கொள்கின்றன. இதனால், ஒரே கோப்புறையில் ஒரே பெயருடையனபோலத் தோன்றும் இரு கோப்புகள் அருகருகே நிற்கக்கூடும்.

முரண் நேர்ந்தால்

'புதியது வெல்லும்' என்பது பலரும் பின்பற்றும் விதி. மாணவியின் தாலாட்டுக்கு இவ்விதியைப் பொருத்தினால், மாலையில் சேர்த்த நான்கு அடிகள் நிற்கும். பகலில் செய்த திருத்தம் போய்விடும். புதியது என்பதனாலேயே ஒன்று முழுமையானது ஆகிவிடாது.

சிறந்த மென்பொருள்கள் முரண் நேரும்போது இரண்டையும் காக்கின்றன. சிங்க்திங் என்னும் மென்பொருள், பழைய நேரமுடைய கோப்பின் பெயரோடு முரண் என்பதைக் குறிக்கும் சொல்லையும் நாளையும் நேரத்தையும் சேர்த்துத் தனியே வைக்கும். டிராப்பாக்ஸ் சேவையும் முரண்பட்ட படி என்று பெயரிலேயே குறித்துவிடும். இத்தகைய பெயர்களைக் கண்டதும் தேவையற்ற குப்பை என நீக்கிவிடுதல் கூடாது. அவை நம் முடிவுக்காகக் காத்திருக்கும் கோப்புகள்.

சுவடிகளைத் தேடித் தொகுத்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டும் புறநானூற்றை 1894ஆம் ஆண்டும் பதிப்பித்தார். கிடைத்த படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபாடுகளை ஆராய்ந்தே பாடத்தை வரையறுத்தார். பிந்திக் கிடைத்தது என்பதற்காக ஒரு சுவடியை ஏற்பதும், முந்தியது என்பதற்காக மற்றொன்றைத் தள்ளுவதும் பதிப்பாசிரியர் பணி ஆகா. முரண்பட்ட இரு கோப்புகளின் முன் அமரும் மாணவியும் அந்நேரத்தில் ஒரு பதிப்பாசிரியரே. இரண்டையும் திறந்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, திருத்தத்தையும் நான்கு அடிகளையும் ஒருங்கே கொண்ட மூன்றாவது கோப்பை அவள் உருவாக்க வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு

ஒத்திசைப்பதற்கு முன் இரு கோப்புறைகளையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். ஒத்திசைவு காப்புப்படிக்கு ஈடாகாது. ஓரிடத்தில் நிகழ்ந்த நீக்கத்தை அது மறுபுறமும் கொண்டுசேர்த்துவிடும். அடுத்து, எவை படியெடுக்கப்படும், எவை நீக்கப்படும் என்பதனை முன்னோட்டத்தில் பார்த்தல் வேண்டும். உள்ளடக்கம் ஒன்றே என உறுதியான இரட்டைகளையும் உடனே அழிக்காமல், தனிக் கோப்புறைக்கு மாற்றிச் சிலநாள் வைத்திருத்தல் நலம். முரண்பட்டவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிவு செய்தல் வேண்டும். இனிவரும் நாள்களில் ஒரு கோப்பை ஓரிடத்தில் மட்டுமே திருத்துவது என்னும் வழக்கத்தை மேற்கொண்டால், முரண் பெரும்பாலும் எழாது.

இரு கோப்புகள் பைட் அளவில் ஒன்றா, வேறா என்பதனைக் கணினி நொடிப்பொழுதில் சொல்லிவிடும். வேறு எனில், எதனுள் எது அரியது என்பதனை அது அறியாது. பாட்டியின் நான்கு அடிகளின் அருமையை அறிந்தவள் அந்த மாணவி மட்டுமே. எனவே, 'ஆம்' எனச் சொடுக்குமுன் இரு கோப்புகளையும் ஒருமுறை திறந்து பார்த்தல் அவள் கடமையாகும்.