உஷார்! ஜெபம் முடிந்த கையோடு வரும் ‘ஸ்கீம்’

பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தால் போதும், திருப்பூருக்குள் ஸ்கீம்காரர்கள் இறங்கிவிடுவார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. நம் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு நாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடங்கள் பல ஒரு ஷிப்ட்டோடு நின்றன. சனிக்கிழமைச் சம்பளக் கவர் மெலிந்தது. வரி ஏறும், இறங்கும். மனசுக்குள் புகுந்த பயம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அந்தப் பயத்தை மோப்பம் பிடித்துத்தான் இவர்கள் வருகிறார்கள்.

இந்த எச்சரிக்கை குறிப்பாக நம் சபை மக்களுக்கு. காரணம் இருக்கிறது. திருப்பூர் விசுவாசிகளில் பலர் தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இங்கே காடு கரை கிடையாது, பங்காளி கிடையாது. வாடகை வீடு பிடிக்க, பெண்ணுக்கு வரன் பார்க்க, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க எல்லாவற்றுக்கும் சபைதான் சொந்தம். அந்தச் சொந்தத்தின் குரலிலேயே வலை வரும்: “நானே ஜெபிச்சுட்டுத்தான் போட்டேன் சிஸ்டர். மாசம் பொறந்தா டாண்ணு அக்கவுண்ட்ல விழுந்துருது. கர்த்தர் திறந்த வாசல் இது.”

இந்தப் பேச்சைக் கேட்டதும் பர்ஸை மூடுங்கள்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் கொழுத்த லாபம் என்று சொல்லி 2008, 2009-ல் இதே திருப்பூரில் இயங்கிய ‘பாசி’ நிறுவனத்தை அதற்குள் மறந்துவிட்டோமா? 58 ஆயிரத்துக்கும் அதிகமானோர், சுமார் 930 கோடி ரூபாய். வழக்கு 2011-ல் சிபிஐக்குப் போனது. கோவை நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறையும் 171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்த நாள் 2022 ஆகஸ்ட் 26. புகார் கிளம்பிய 2009-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, தீர்ப்பு வந்தபோது காலேஜில் படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் பெயரில் போட்ட பணத்தைத்தான் சொல்கிறேன். சரி, அதிலிருந்தாவது பாடம் படித்தோமா? பாசி புகார் கிளம்பிய மூன்றே வருடத்தில், பக்கத்துப் பெருந்துறையில் முதலீட்டுத் திட்டமாக வந்த ஈமு கோழி பறந்தது. பறக்காத கோழி அது, பறந்தது நம் பணம்.

பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ‘கிரேட்டர் மினிஸ்ட்ரீஸ்’ என்று ஒரு அமைப்பு 1990களில் இருந்தது. கொடுங்கள், உங்களுக்கும் கொடுக்கப்படும் என்ற பொருளில் இயேசு பேசும் லூக்கா 6-ஆம் அதிகாரத்தைக் காட்டி, போட்ட பணம் இரட்டிப்பாகும் என்று ஊழியக்காரர்களே சொன்னார்கள். ஆயிரக்கணக்கான விசுவாசிகளின் 40 கோடி டாலருக்கும் மேல் போனது. அதன் தலைவர் ஜெரால்டு பெய்னுக்கு 2001-ல் கிடைத்த தண்டனையும் 27 ஆண்டுதான்.

ஏமாற்றியவனை விட்டுவிடுவோம், அவனுக்குச் சிறை இருக்கிறது. நாம் ஏன் இவ்வளவு எளிதாக விழுகிறோம்? ஆசீர்வாதத்தைத் தையல் மெஷின் எண்ணிக்கையில் அளக்க நம்மை நாமே பழக்கிவிட்டோம், அதனால்தான். சாட்சி நேரத்தில் பத்து மெஷின் ஐம்பதானது என்றால் அல்லேலூயா கூரையைப் பிளக்கிறது. நொய்யல் மாசுபாட்டுக்காக 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் வேலை நின்றது. அன்றைக்கு எல்லாம் இழந்த ஒருவர் எழுந்து, “ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் தேவன் என்னை விடவில்லை” என்று சொல்ல வந்திருந்தால் மைக் கொடுத்திருப்போமா? அவரிடம் என்ன பாவம் ஒளிந்திருக்கிறதோ என்று முணுமுணுத்திருப்போம். நாம் நம்பியது பணத்தை. கடவுளை அதற்கு ஏஜென்ட் ஆக்கி வைத்திருந்தோம். கவரில் இவ்வளவு காணிக்கை போட்டால் இத்தனை ஆர்டர் வரும் என்று பிரசங்கிப்பதும் இதே வியாபாரம்தான். வட்டிக்காரனாவது ரசீது கொடுப்பான்.

லூக்கா 12-இல் இயேசு சொன்ன ஐசுவரியவானை மறுபடி படித்துப் பாருங்கள். அவன் திருடன் இல்லை, கந்துவட்டிக்காரனும் இல்லை. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டான். அந்தக் கதையில் அவன் கடவுளோடும் பேசவில்லை, அக்கம்பக்கத்தாரோடும் பேசவில்லை. தன் ஆத்துமாவோடு மட்டும் பேசி, இனிப் பல வருடத்துக்குக் கவலையில்லை என்று அதற்கு வாக்குக் கொடுத்தான். அந்த ராத்திரியே கணக்கு முடிந்தது. மத்தேயு 6-இல் பூச்சி அரிக்கும் பொக்கிஷம் என்று வருவதும் பெரும்பாலும் துணிதான்; அன்றைய மக்கள் செல்வத்தை விலையுயர்ந்த உடைகளாகவும் சேர்த்து வைத்தார்கள். குடோனில் கிடந்து பழுப்பேறி, கடைசியில் காதர்பேட்டைக்குக் கிலோ கணக்கில் போகும் ஸ்டாக் லாட்டைப் பார்த்த நமக்கு அதற்கு வியாக்கியானம் தேவையில்லை.

இதற்காக உண்டியலை உடைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. பஞ்சம் வருமுன் தானியம் சேர்த்த யோசேப்பும் விசுவாசிதான். பிஎஃப் பிடிக்கட்டும், இஎஸ்ஐ இருக்கட்டும், தபால் நிலையத்தில் போடுங்கள். பேங்க் டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. பவுல் முதலாம் தீமோத்தேயு 6-இல் பணக்காரர்களிடம் சொத்தை எறியச் சொல்லவில்லை. நிலைக்காத பணத்தின்மேல் நம்பிக்கை வைக்காமல் தேவன்மேல் வைக்கவும், தாராளமாகக் கொடுக்கவும் சொல்கிறார். ஆர்டர் நின்ற மாதத்தில் பக்கத்து வீட்டுச் செக்கிங் அக்காவுக்கு அரிசி வாங்கித் தர மனசு வருகிறதா, இல்லை இருப்பதை மாதம் ஐந்து வட்டிக்கு எங்கே போடலாம் என்று தேடுகிறோமா? நம்பிக்கை எங்கே கிடக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

அந்த ஐந்து வட்டியையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு அறுபது. நிஜமாகவே அப்படி லாபம் வரும் தொழில் ஒருவர் கையில் இருந்தால், பேங்கில் வருடத்துக்குப் பத்துச் சொச்சத்துக்குக் கடன் வாங்கிக் கோடீஸ்வரர் ஆகியிருப்பார். ஓவர்லாக் டெய்லரின் வாரக்கூலியைத் தேடி ஜெபக் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார்.

பாஸ்டர்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வந்தவர் கட்டட நிதிக்குப் பெரிய தொகையை நீட்டினால், அடுத்து எதை நீட்டப்போகிறார் என்று பாருங்கள். பிரசங்க மேடையில் நீங்கள் அவரை ஒருமுறை அருமையான சகோதரர் என்று அழைத்தால், அவருக்கு வேறு விளம்பரமே வேண்டாம்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. பணம் நின்றதும், “விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போகலாமா?” என்று முதலாம் கொரிந்தியர் 6-ஐத் திறப்பார்கள். அங்கே பவுல் கண்டிப்பது சகோதரருக்குள் நடந்த வழக்கை. அந்த அதிகாரத்திலேயே சகோதரனை ஏமாற்றுகிறவனையும் விடாமல் திட்டுகிறார். அதே பவுல் தனக்கு அநியாயம் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் அப்போஸ்தலர் 25-இல் ராயனிடம் மேல்முறையீடு செய்தார். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997 முதல் இருக்கிறது. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019-ல் வந்தது. அதன்படி அப்படிப் பணம் திரட்டுவதே குற்றம், ஏமாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆன்லைனில் போன பணம் என்றால் உடனே 1930-க்கு அழையுங்கள். மற்றதற்குப் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். ரசீது, வாட்ஸ்அப் செய்தி, ஜிபே விவரம் எதையும் அழித்துவிடாதீர்கள். “ஜெபிச்சுட்டு அடுத்த ஞாயிறு பேசிக்கலாம் பிரதர்” என்று சொல்வார்கள். ஜெபியுங்கள், திங்கட்கிழமை காலையிலேயே புகாரையும் கொடுத்துவிடுங்கள்.