லோச் மீன்கள்: தொட்டி அளவும் துணை மீன்களும்

லோச் என்பது அயிரை மீனுக்கும் அதன் உறவினங்களுக்கும் அலங்கார மீன் கடைகளில் வழங்கும் பொதுப்பெயர் ஆகும். இராமநாதபுரம் கண்மாய்களிலும் வைகையிலும் கிடைக்கும் அயிரை, குழம்புக்குப் பேர்போன சாதுவான மீன். ஆனால் கடைகளில் லோச் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை போட்டியா குடும்பத்தைச் சேர்ந்தவை. முன்பு அயிரையின் குடும்பத்திலேயே வைக்கப்பட்டிருந்த இவை இப்போது தனிக் குடும்பமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இவற்றில் பல சண்டைக் குணம் கொண்டவை.

தொட்டியில் பெருகிவிட்ட நத்தைகளைத் தின்னும் என்பதற்காக ஒன்றோ இரண்டோ வாங்கி இரண்டடித் தொட்டியில் விடுவதே வழக்கமாக நடக்கும் தவறு. நத்தைகள் தீர்ந்துபோகும், அடுத்து மற்ற மீன்களின் துடுப்புகள் கிழியத் தொடங்கும்.

சண்டைக்குக் காரணம்

போட்டியா மீன்கள் இயற்கையில் கூட்டமாக வாழ்பவை. கூட்டத்தில் மூத்தது எது என்பதை ஒன்றையொன்று துரத்தியும் தோளோடு தோள் முட்டியும் முடிவு செய்துகொள்கின்றன. அந்த நேரத்தில் கிளவுன் லோச் போன்றவற்றின் நிறம் வெளிறிச் சாம்பலாகும். இது நோய் அல்ல. சற்று நேரத்தில் நிறம் திரும்பும். ஆறு மீன்கள் இருந்தால் துரத்தல் பலருக்கும் பங்காகிப் போகும். இரண்டே இருந்தால் வலியது மெலியதை விடாமல் வதைக்கும். ஒன்றே இருந்தால் அது ஒடுங்கி ஒளிந்து கிடக்கும், அல்லது வேறு இன மீன்களின் மேல் பாயும். எனவே சண்டை போடும் மீனாயிற்றே என்று எண்ணிக்கையைக் குறைப்பது நேர்மாறான பலனையே தரும்.

கண்ணுக்குக் கீழே இவற்றுக்கு மடக்கி விரிக்கக்கூடிய முள் ஒன்று உண்டு. வலையில் பிடித்தால் முள் சிக்கி மீன் காயப்படும். டப்பாவால் முகந்து எடுப்பதே நல்லது.

தொட்டியின் அளவு

லோச் தரையில் வாழும் மீன் என்பதால் தொட்டியின் உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம். போட்டியா ஸ்ட்ரையாட்டா எனப்படும் வரிக்குதிரை லோச் 8 செ.மீ. அளவில் நின்றுவிடும், குடும்பத்தில் அமைதியானவற்றுள் இதுவும் ஒன்று. ஆறு மீன்களுக்கு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி (சுமார் 190 லிட்டர்) போதும். இது மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் வாழும், அழியும் அபாயத்தில் உள்ள இனம் என்பதை வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும்.

வட இந்திய ஆறுகளின் யோயோ லோச்சுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகல உயரம், அதாவது சுமார் 255 லிட்டர் தேவை. முதுகில் கருங்கோடு ஓடும் ஸ்கங்க் லோச் 10 செ.மீ.க்குள் அடங்கும் என்றாலும் அளவுக்கு மீறிய முரடு. அதற்கும் 4 அடிக்குக் குறையக் கூடாது. டைகர் லோச், சிவப்பு வால் கொண்ட நீல லோச் ஆகியவற்றுக்கு 5 அடிக்கு மேல் வேண்டும். சுமத்ரா, போர்னியோ தீவுகளின் கிளவுன் லோச் கடையில் விரல் நீளமே இருக்கும். அது 30 செ.மீ. வரை வளரும், 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். ஆறு அடி நீளம், இரண்டு அடி அகல உயரம் கொண்ட தொட்டி என்றால் 680 லிட்டர். நீரின் எடை மட்டும் 680 கிலோ. மாடி வீட்டில் இதை வைக்கும் முன் பொறியாளரைக் கேட்பது நல்லது. கடற்காற்றில் இரும்புத் தாங்கி விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் இப்பகுதியில் கட்டுமான மேடையே நம்பகமானது.

மீன்களின் எண்ணிக்கையைவிட ஒளிவிடங்கள் கூடுதலாக இருக்க வேண்டும். பானை ஓடு, தேங்காய்ச் சிரட்டை, அகலமான பி.வி.சி. குழாய்த் துண்டு எல்லாம் உதவும். குறுகிய துளைகளில் மீன் சிக்கிக்கொள்ளும். துள்ளி வெளியே விழும் என்பதால் மூடியும் தேவை.

நீரும் மணலும்

இராமேசுவரம் தீவில் நிலத்தடி நன்னீர் கடல்நீரின் மேல் மெல்லிய அடுக்காகவே நிற்கிறது. அதிகம் இறைத்தால் உவர்நீர் ஏறும். மாவட்டத்தின் பல ஆழ்குழாய்க் கிணறுகளிலும் நீர் கடினமானது. போட்டியா மீன்களோ மென்னீர் ஆறுகளைச் சேர்ந்தவை. செதில்கள் மிகச் சிறியவை என்பதால் உப்பையும் மருந்தையும் தாங்கும் திறன் குறைவு. மழைநீரோ ஆர்.ஓ. நீரோ கலந்து பயன்படுத்துவது வழி. குழாயில் வரும் காவிரிக் குடிநீரில் குளோரின் நீக்கி ஊற்ற வேண்டும். வெண்புள்ளி நோய்க்கு மற்ற மீன்களுக்குப் போடுவது போல உப்பு அள்ளிப் போடக் கூடாது; மருந்தைப் பாதி அளவில் தொடங்குவதே வழக்கம்.

கடற்கரை மணல், சிப்பி, சங்கு, பவளக்கல் ஆகியவற்றை அழகுக்காகத் தொட்டியில் போடுவது இங்கே சாதாரணம். அவற்றிலுள்ள சுண்ணாம்பு கரைந்து நீரை மேலும் கடினமாக்கும். பவளம் எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். அலசிய நைஸ் ஆற்று மணலே லோச்சின் மீசைக்கு ஏற்றது.

இக்கரையில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. கோடையில் நீர் சூடேறும்போது ஆக்சிசன் குறையும். மின்தடை நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருக்கட்டும்.

துணை மீன்கள்

நீரின் நடுவிலும் மேலும் வேகமாக நீந்தும், வால் நீளாத மீன்களே பொருத்தம்: டைகர் பார்ப், ரோசி பார்ப், ஜயன்ட் டேனியோ போன்றவை. பார்ப்களும் கூட்டமாகவே இருக்க வேண்டும். ஏஞ்சல், ஃபைட்டர், கப்பி, கோல்டு பிஷ் ஆகியவற்றின் நீண்ட துடுப்புகள் கொத்துப்படும். சிவப்பு வால் ஷார்க் தரையில் எல்லை பிடிக்கும் மீன் என்பதால் ஓயாத தகராறு. இறாலும் நத்தையும் துணை அல்ல, தீனி. இரு முரட்டு லோச் இனங்களைக் கலப்பதும் வேண்டாம்.

துணை மீன்களை முதலில் விட்டு, லோச் கூட்டத்தைக் கடைசியாக, ஒரே நாளில், விளக்கை அணைத்துவிட்டு விடுவது பயன் தரும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தால் புதிதாக வருவது அடி வாங்கும். அப்படிச் சேர்க்க நேர்ந்தால் கற்களையும் ஓடுகளையும் இடம் மாற்றி வைத்தால் பழைய எல்லைகள் குலைந்து சண்டை தணியும். கிளவுன் லோச் பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருப்பதைச் செத்ததாக நினைத்து எடுத்துவிட வேண்டாம்; அது அதன் ஓய்வு நிலை.

அயிரையை வளர்த்தல்

பெரிய தொட்டிக்கு இடமும் மென்னீரும் இல்லாதவர்களுக்கு உள்ளூர் அயிரையே எளிது. இலங்கையின் திருகோணமலை அருகே கன்னியா வெந்நீரூற்றிலிருந்து 1846-ல் விவரிக்கப்பட்டதால் அதன் அறிவியல் பெயரில் தெர்மாலிஸ் என்ற சொல் உள்ளது. 6 செ.மீ. அளவே வரும் இதன் பத்து மீன்களுக்கு இரண்டடித் தொட்டி போதும். சந்தையில் உயிரோடு விற்பதையே வாங்கலாம். இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பின் தொட்டியில் விட வேண்டும். மணலில் புதைந்துகொள்ளும் பழக்கம் இருப்பதால் பகலில் ஒன்றிரண்டுதான் கண்ணில் படும். முரட்டுப் போட்டியாக்களோடு மட்டும் இதைச் சேர்க்கக் கூடாது. தீனி கிடைக்காமல் மெலிந்துவிடும்.