புள்ளி மறையாத படம்

கல்லில் பொறித்த எழுத்து ஆயிரம் ஆண்டு நிற்கும். அதனைப் படம்பிடித்துத் திரையில் ஏற்றும்போது நொடிப்பொழுதில் மங்கிவிடுவதும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கல்வெட்டுகளாலும் குடைவரைகளாலும் புகழ்பெற்றது. சமஸ்தான காலத்திலேயே, 1929இல், இப்பகுதிக் கல்வெட்டுகளின் மூலபாடம் தொகுத்து அச்சிடப்பெற்றது. அன்று மைப்படி எடுத்துச் செய்த பணியில் இன்று மாணவர்கள் கைப்பேசியோடு ஈடுபடுகின்றனர். அவர்கள் எடுக்கும் படங்கள் இணையத்தில் ஏறும்போது அளவில் சுருங்குகின்றன. அச்சுருக்கத்தில் எதனைக் காக்கலாம், எதனை இழக்க நேரும் என்பதை ஈண்டு காண்போம்.

குடுமியான்மலை தரும் பாடம்

குடுமியான்மலை மேலைக்கோயிலை ஒட்டிய பாறையில், 7ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் இசைக் கல்வெட்டு உள்ளது. ஏழு பகுதிகளாக அமைந்த அதில் சுர எழுத்துகள் நிரல்பட நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றின் மேல் சிறு புள்ளிகள் உள. அப்புள்ளிகளின் பொருள் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. படத்தில் புள்ளி மறைந்தால் ஆய்வுக்குரிய சான்றே மறைந்துவிடும் அன்றோ!

இது கல்லெழுத்துக்கு மட்டும் உரிய இடர் அன்று. பழைய அச்சு நூலின் படத்தில் மேற்புள்ளி மறைந்தால் 'கல்' என்பது 'கல' என நின்றுவிடும். அரபுத் தமிழ் ஏடுகளிலோ பே, தே, ஸே என்னும் எழுத்துகள் ஒரே வடிவின. கீழே ஒன்று, மேலே இரண்டு, மேலே மூன்று என்னும் புள்ளிகளாலேயே வேறுபடுவன. ஆகவே புள்ளியைக் காப்பது பொருளைக் காப்பதாகும்.

சுருங்கும்போது நிகழ்வது யாது?

மின்னணுப் படம் என்பது பிக்சல் எனப்படும் நுண்கட்டங்களின் அணிவகுப்பு. அகலம் 4000, உயரம் 3000 என அமைந்த படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் உள்ளன. அகலத்தை 1200 ஆக்கினால், உயரம் அதே விகிதத்தில் 900 ஆகும். எஞ்சுவன 10 லட்சத்து 80 ஆயிரம். அதாவது, ஏறத்தாழ 11 பிக்சல்கள் கூடி ஒன்றாகின்றன.

ஒரு வரியில் 40 எழுத்துகள் உள்ளன எனக் கொள்வோம். 1200 பிக்சல் அகலத்தில் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது 30 பிக்சல். எழுத்தில் பத்தில் ஒரு பங்கான புள்ளிக்கு 3 பிக்சல் கிடைக்கும். அது கண்ணுக்குத் தெரியும். அகலத்தை 400 ஆக்கினால் புள்ளிக்கு எஞ்சுவது ஒன்றே. அது பாறையின் சொரசொரப்போடு கலந்துவிடும். எனவே பாறை முழுவதையும் ஒரே படத்தில் அடக்க முயலாது, முழுத்தோற்றத்திற்கு ஒன்றும் வரிகளுக்குத் தனித்தனியே சிலவும் எடுத்தல் நன்று.

சுருக்கும் முறையும் பலவகைப்படும். அண்மையில் உள்ள ஒரு பிக்சலை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடும் முறையில் கோடுகள் படிப்படியாய் முறிந்து தோன்றும். சுற்றியுள்ளவற்றின் சராசரியைக் கணிக்கும் பைக்யூபிக், லாங்க்ஸோஸ் முதலிய முறைகள் மென்மையான வடிவம் தரும். கட்டணமின்றிக் கிடைக்கும் கிம்ப் போன்ற மென்பொருள்களில் நாமே முறையைத் தேர்ந்துகொள்ளலாம்.

செய்முறை

முதற்கண், மூலப்படத்தைத் தொடாது அதன் படியிலேயே பணிபுரிதல் வேண்டும். சிறிய படத்தைப் பின்னர்ப் பெரிதாக்கினால் இழந்த நுணுக்கம் மீளாது. மென்பொருள் இட்டு நிரப்பும் ஊகமே கிட்டும்.

அடுத்து, கோணலை நேராக்கி, வேண்டாத ஓரங்களை வெட்டி, ஒளியைச் சரிசெய்க. அதன்பின் நீள அகல விகிதம் மாறாமல் ஒரே முறையில் சுருக்குக. சுருக்கத்தால் விளிம்புகள் சற்று மழுங்குமாதலின் இறுதியில் சிறிதளவு கூர்மை சேர்க்கலாம். மிகுதியாகச் சேர்த்தால் எழுத்தைச் சுற்றி வெண்கோடு தோன்றி, இல்லாத வெட்டு இருப்பதாக மயக்கும்.

பக்கத்தில் படம் 600 பிக்சல் அகலத்தில் காட்டப்பெறுமாயின், அடர்த்தி மிக்க இன்றைய கைப்பேசித் திரைகளை எண்ணி 1200 அளவில் தருதல் தகும். அங்குலத்திற்கு 72 அல்லது 300 என்னும் எண் அச்சுக்கே உரியது. திரையில் அதனால் பயன் இல்லை.

ஒளிப்படங்களுக்கு ஜேபெக் வடிவம் ஏற்றது. அது நுண்விவரங்களைக் கைவிட்டே கோப்பைச் சிறிதாக்குவதால், தரம் 80 முதல் 85 வரை வைப்பது பொருந்தும். திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்குந்தோறும் இழப்பு கூடும். கோட்டோவியம், எழுத்துப்பக்கம் ஆகியவற்றிற்கு இழப்பில்லாத பிஎன்ஜி சிறந்தது. சித்தன்னவாசல் தாமரைக்குள ஓவியம் போன்றவற்றில் நிறமும் சான்றாகும்; பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில் சேமித்தால் நிறம் பெரிதும் திரியாது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பின் மூலம் அவ்வாறே சென்றுசேரும்.

நிறைவாக

கடல் கடந்து வாழும் நம் மாவட்டத்தார்க்கும், அயலூர் ஆய்வாளர்க்கும் பெரும்பாலும் திரையில் தெரியும் படமே கல்வெட்டு, அதுவே ஏடு. வெயிலும் மழையும் பாறையை அரிக்கும் வேளையில், இன்று எடுக்கும் படம் நாளை ஒரே சான்றாகவும் ஆகலாம். ஆதலின் மூலத்தை இரண்டு இடங்களில் பாதுகாத்து, எடுத்த நாளும் ஊரும் குறித்துவைத்து, அளவறிந்து சுருக்கி வெளியிடுதல் நம் மாணவர் கடனாகும். சுருக்கிய படத்தை வெளியிடுமுன் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் உள்ளதா எனப் பார்ப்போமாக.