அறுபத்தையாயிரம் பேர் குதித்த இரவு

2016 மே 14, சனிக்கிழமை. பார்சிலோனாவின் காம்ப் நோவ் கால்பந்து மைதானத்தில் அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ராக் கச்சேரி. ஏறத்தாழ 65,000 ரசிகர்கள் திரண்டிருந்தார்கள். அங்கிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, ஒரு புவி அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் கட்டடத்தில் ஒரு நில அதிர்வுமானி இயங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பாட்டும் தெரியாது, கிட்டாரும் தெரியாது. தரை அசைந்தால் அதைக் குறித்துவைப்பது ஒன்றுதான் அதன் வேலை. அப்படியிருந்தும், அன்று எந்த நேரத்தில் பாட்டு தொடங்கியது, எப்போது நின்றது, எந்தப் பாட்டுக்குக் கூட்டம் அதிகமாகத் துள்ளியது என்பதெல்லாம் அதன் பதிவில் அப்படியே இருந்தன.

ஜோர்டி தியாஸ் என்ற நில அதிர்வியலாளரும் அவருடைய குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அந்தப் பதிவு படமாக இருக்கிறது. ஒரு பாடகர்மேல் வைத்த அன்பு இப்படி மண்ணில் எழுதப்படும் என்று அதைப் பார்க்கும்வரை நான் நினைத்ததில்லை. அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் ரசிகரின் இரவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த இரவு காலையிலேயே தொடங்கிவிடும். ஸ்பிரிங்ஸ்டீன் ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையை ஒட்டிய இடம் வேண்டுமென்றால் விடியும் முன்பே வரிசைக்கு வர வேண்டும். மூத்த ரசிகர்கள் ஆளுக்கொரு எண்ணைப் புறங்கையில் பேனாவால் எழுதிவிடுவார்கள். குறித்த நேரங்களில் பெயரோ எண்ணோ கூப்பிடப்படும். அந்த நேரத்தில் அங்கே இல்லாதவர் வரிசையில் இடத்தை இழப்பார். சிலர் தங்களுக்குப் பிடித்த பாட்டின் பெயரை அட்டையில் எழுதி எடுத்துவருவார்கள். சில அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டுகளையே பாடுவது அந்த ஆண்டுகளில் ஸ்பிரிங்ஸ்டீனின் பழக்கம். அதனால் அன்றைக்கு என்ன பாட்டு வரும் என்பது கடைசிவரை யாருக்கும் முழுதாகத் தெரியாது.

விளக்குகள் அணைகின்றன. ஸ்பிரிங்ஸ்டீனின் டிரம்மர் மேக்ஸ் வைன்பெர்க் முதல் அடி கொடுக்கிறார். முன்வரிசைக்காரர் அதை உடனே கேட்டுவிடுவார். நூறு மீட்டர் பின்னால் நிற்பவரின் கதை வேறு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஆகவே அந்த அடி அவரை வந்தடைய கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகும். கேட்பதற்குச் சின்னக் கணக்காகத் தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே அரை நொடிதான். முன்னால் இருப்பவர் கைதட்டும்போது பின்னால் இருப்பவர் பாதித் தாளத்துக்கும் மேல் பின்தங்கியிருப்பார்.

பெரிய மைதானங்களில் நடுவிலும் பின்புறமும் உயரமான ஒலிபெருக்கிக் கோபுரங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் இருப்பவருக்குச் சத்தம் போய்ச் சேர்வதற்காக மட்டும் அவற்றை நிறுத்துவதில்லை. மேடையில் எழும் இசை கம்பி வழியாக அந்தக் கோபுரத்துக்கு நொடிப்பொழுதில் போய்விடும். அதை அப்படியே ஒலிக்கவிட்டால், காற்றில் நடந்துவரும் மேடை ஒலி பின்னால் வந்து எதிரொலிபோல் மோதும். ஆகவே கோபுரத்துக்குப் போகும் இசையை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள். மேடை ஒலி வந்து சேரும் நேரத்தைவிட நூறில் ஒன்றிரண்டு பங்கு நொடி பிந்தியே கோபுரம் ஒலிக்கும். இரண்டு இடங்களிலிருந்து ஒரே ஒலி வந்தால், முதலில் வந்ததன் திசையைத்தான் நம் மூளை எடுத்துக்கொள்ளும். அதனால் பக்கத்துக் கோபுரம் முழங்கினாலும், பாட்டு மேடையிலிருந்தே வருவதாக ரசிகர் உணர்கிறார். இரவு ஏற ஏற காற்று குளிர்ந்து ஒலியின் வேகம் சற்றுக் குறையும் என்பதைக்கூட நல்ல ஒலிப் பொறியாளர்கள் கணக்கில் வைப்பார்கள்.

காதைத் தாண்டி உடம்புக்கும் ஒரு வழி இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கென்றே ஒரு கச்சேரி அரங்கம் உண்டு. அங்கே நடந்த ஒரு மின்னணு இசை நிகழ்ச்சியில், காதுக்கு அநேகமாக எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஒலிபெருக்கிகளை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டும் அணைத்தும் பார்த்தார்கள். வந்தவர்களின் தலையில் அசைவை அளக்கும் பட்டை இருந்தது. அந்த ஒலி இருந்த நேரங்களில் அவர்கள் 11.8 சதவீதம் அதிகமாக ஆடினார்கள். எப்போது போட்டார்கள், எப்போது அணைத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 2022இல் வெளியான முடிவு இது. நாம் அறியாமலேயே கால் கூடுதலாக அசைகிறது.

கால் அசைந்தபின் நடப்பதுதான் அதிர்வுமானியின் கதை.

ஒருவர் தாளத்துக்கு விடாமல் குதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதி நேரம் அவர் அந்தரத்தில், பாதி நேரம் தரையில். மொத்தத்தில் தரை தாங்க வேண்டிய எடை மாறப்போவதில்லை; ஆனால் அதைப் பாதி நேரத்துக்குள் தாங்கியாக வேண்டும். எனவே கால் ஊன்றியிருக்கும் நேரத்தில் தரைமேல் விழும் விசை சராசரியாக அவர் எடையின் இரண்டு மடங்கு. உச்சத்தில் சுமார் மூன்று மடங்கு. 65 கிலோ ஆள் அந்தக் கணத்தில் 200 கிலோவாக இறங்குகிறார்.

இனி கூட்டம். பத்தாயிரம் பேர் அவரவர் விருப்பத்துக்குக் குதித்தால், ஒருவர் இறங்கும்போது இன்னொருவர் ஏறுவார். பெரும்பகுதி ஒன்றையொன்று அழித்துவிடும். எஞ்சுவது பத்தாயிரத்தின் வர்க்கமூலம், அதாவது நூறு பேரின் அளவு அதிர்வு. அதே பத்தாயிரம் பேர் ஒரே அடிக்கு ஒன்றாக இறங்கினால், முழுப் பத்தாயிரமும் தரையில் விழும். நூறு மடங்கு வித்தியாசம். அந்த நூறு மடங்கை உண்டாக்குவது டிரம்மரின் தாளம்.

அப்படியானால் தரையை ஆட்டுவது அந்த ராட்சத ஒலிபெருக்கிகள் இல்லையா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 100 டெசிபல் ஒலி காற்றில் உண்டாக்கும் அழுத்தம் வெறும் 2 பாஸ்கல். நெருங்கி நின்று குதிக்கும் கூட்டம் தரைமேல் ஏற்றும் அழுத்தமோ ஆயிரக்கணக்கான பாஸ்கல். அமெரிக்காவில் டெய்லர் ஸ்விஃப்ட் 2023 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் சோஃபை மைதானத்தில் பாடியபோது, கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிர்வுமானிப் பதிவிலிருந்தே 45 பாடல்களில் 43ஐ அடையாளம் கண்டார்கள். பிறகு ஒரு சிறிய ஒலிபெருக்கியையும் அதிர்வுமானியையும் வைத்து, ஒருமுறை இசையை ஒலிக்கவிட்டும் ஒருமுறை தாளத்துக்குக் குதித்தும் சோதித்தார்கள். மைதானப் பதிவோடு ஒத்துப்போனது குதித்ததுதான். பார்சிலோனா பதிவைப் பற்றியும் தியாஸ் குழுவின் முடிவு அதுவே.

அந்தப் பதிவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இடமிருந்து வலமாக நேரம். கீழிருந்து மேலாக அதிர்வெண். பாட்டு தொடங்கியதும் கோடு கோடாகப் படுக்கைப் பட்டைகள் தோன்றுகின்றன. முதல் பட்டை தாளத்தின் வேகத்தில், நொடிக்கு இரண்டு முறைபோல. அதற்கு மேலே அதன் இரண்டு மடங்கில் ஒன்று, மூன்று மடங்கில் ஒன்று. கால் தரையில் சட்டென்று அறைவதால் இந்த மடங்குகள் பிறக்கின்றன. மெல்ல ஊஞ்சலாடுவதுபோல் அசைந்தால் அவை வராது. பாட்டு முடிந்ததும் பட்டைகள் அற்றுப்போகின்றன. அடுத்த பாட்டுக்கு வேகம் வேறு, பட்டைகளின் உயரமும் வேறு. இதே கருவி பார்சிலோனா அணி கோல் போட்டபோதும் அதிர்ந்திருக்கிறது. ஆனால் கோலுக்கு எழும் அதிர்வில் பட்டைகள் இல்லை. எல்லா அதிர்வெண்ணும் கலந்து ஒரே கொந்தளிப்பாக எழுந்து அடங்குகிறது. மகிழ்ச்சி இரண்டிலும் ஒன்றுதான். கோலுக்கு ஆளாளுக்குத் துள்ளுகிறார்கள், பாட்டுக்குச் சேர்ந்து துள்ளுகிறார்கள்.

சேர்ந்து துள்ளுவதற்கு ஒருமுறை பெரிய விலை கொடுக்க நேர்ந்தது. அப்போதும் மேடையில் இதே ஸ்பிரிங்ஸ்டீன், டிரம்மில் இதே வைன்பெர்க். 1985 ஜூன் 8, 9 ஆகிய இரண்டு இரவுகள். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில், 1958 உலகக் கோப்பைக்காகக் கட்டிய உல்லேவி மைதானம். ஓர் இரவுக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டுக்குக் கூட்டம் முழுவதும் ஒரே தாளத்தில் குதிக்க, மைதானமே ஆடத் தொடங்கியது. கட்டடம் சேதமடைந்தது.

காரணம் மண்ணுக்கு அடியில் இருந்தது. உல்லேவி நிற்பது கனத்த, மெத்தென்ற களிமண் படிவத்தின்மேல். எந்த மண் படிவத்துக்கும் அதன் ஆழத்தையும் இறுக்கத்தையும் பொறுத்து இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு. உல்லேவிக் களிமண்ணுக்கு அது நொடிக்கு இரண்டுக்குச் சற்று மேல். மனிதர்கள் பாட்டுக்குக் குதிக்கும் வேகமும் அதுவே. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான தருணத்தில் ஒற்றை விரலால் தள்ளினாலும் வீச்சு ஏறிக்கொண்டே போகுமல்லவா, அதுபோல ஒவ்வொரு குதிப்பும் முந்தைய குதிப்பின்மேல் ஏறியது. ஒத்ததிர்வு என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோமே, அதுதான். பின்னர் பெரும் செலவில் அடித்தளத்தை வலுப்படுத்தினார்கள். ஸ்பிரிங்ஸ்டீன் அதே மைதானத்துக்குப் பலமுறை திரும்பி வந்து பாடினார், ரசிகர்களும் குதித்தார்கள், மைதானம் தாங்கியது.

பார்சிலோனா ரசிகரிடம் திரும்புவோம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் நின்றும் குதித்தும் அவருக்குக் கால் வலி ஏன் தெரியவில்லை? ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரேசில் பள்ளி மாணவர்களை ஆடவைத்து, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். ஒரே அசைவில் சேர்ந்து ஆடியவர்களின் தாங்கும் திறன் கூடியிருந்தது. பக்கத்தில் ஆடியவர்களோடு நெருக்கமும் கூடியிருந்தது. உடலே சுரக்கும் எண்டார்ஃபின் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பிடித்த பாட்டில் மயிர்க்கூச்செறியும் கணத்தில் மூளையில் டோபமைன் சுரக்கிறது என்பதைக் கனடா ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். பாட்டில் அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையின் வேறொரு பகுதியில் சுரப்பு தொடங்கிவிடுகிறது. தன் அட்டையை ஸ்பிரிங்ஸ்டீன் எடுப்பாரா என்று கையைத் தூக்கி நிற்பவரின் மனநிலை எனக்கு இதைப் படித்தபின் நன்றாகவே புரிகிறது.

வீடு திரும்பும்போது காதில் 'ங்ங்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். நல்ல கச்சேரியின் அடையாளம் என்று பலர் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அது காயத்தின் அடையாளம். உள்காதின் நத்தைச் சுருளில் ஒலியை உணரும் முடிச் செல்கள் சுமார் 15,000தான் இருக்கின்றன. பறவைகளுக்கு அவை இறந்தால் மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது. 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிலிட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சனுக்கு 2016இல் கேட்கும் திறனுக்கு ஏற்பட்ட பாதிப்பால் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட நேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளில் சராசரி ஒலி அளவுக்கு 100 டெசிபலை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. காதடைப்பான்கள் கிடைக்கச் செய்யவும், காதுக்கு ஓய்வு தர அமைதியான இடம் ஒதுக்கவும் சொன்னது. இதை ஒவ்வோர் அரங்கமும் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்பேன்.

உல்லேவியின் களிமண்ணை மனிதர்கள் சரிசெய்துவிட்டார்கள். முடிச் செல்லைச் சரிசெய்யும் மருத்துவம் இன்னும் வரவில்லை. ஆகவே அடுத்த கச்சேரிக்குப் போகும்போது ஒரு ஜோடி நுரைக் காதடைப்பானைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். இருபது டெசிபல்வரை குறையும். நெஞ்சில் அறையும் டிரம்மும் காலடியில் அதிரும் தரையும் அப்படியே இருக்கும். இரண்டு நாளாகியும் காதின் இரைச்சல் நிற்கவில்லையென்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பாருங்கள்.